பாலியல் நோய் கிளினிக்குக்குப் போவது எப்படி? தீவகத்து மக்களுக்கான சில விளக்கங்கள்

கரம்பொனிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் பிடிக்கும். நயினாதீவில் இருப்பவர் முதலில் படகேறி குறிகட்டுவானுக்கு வரவேண்டும். நெடுந்தீவென்றால் படகுப் பயணமே ஒரு மணித்தியாலமளவு. பல் பிடுங்கவும் கண் காட்டவும் பிள்ளையின் காய்ச்சலுக்கு மருந்தெடுக்கவும் எமது மக்கள் இந்தத் தூரத்தைப் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் பாலியல் நோய்களுக்கென்று ஒரு சிகிச்சை நிலையம் இருக்கிறது என்பதும், அங்கே பரிசோதனையும் மருந்தும் முற்றிலும் இலவசம் என்பதும் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் வாசல்வரை போய்த் திரும்பிவிடுகிறார்கள்.

அண்மையில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு சகோதரர் இதுபற்றி என்னிடம் விசாரித்தார். நான் வைத்தியரல்லன், பாடசாலையில் சுகாதாரப் பாடம் கற்பிப்பவன். அதனால்தான் கேட்டிருப்பார் போலும். அவர் கேட்டவை நோயைப் பற்றிய கேள்விகளே அல்ல. "சேர், அங்க பேரைச் சத்தமாக் கூப்பிடுவாங்களா? ஊர் வைத்தியர்ட கடிதம் வேணுமா? வீட்டுக்கு அறிவிப்பாங்களா?" இவைதான். இந்த மூன்றுக்கும் சரியான பதில் தெரிந்திருந்தால் அவர் இரண்டு மாதம் தாமதித்திருக்க மாட்டார். ஆகவே அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

கடிதம் தேவையில்லை. வேறு கிளினிக்குகளுக்குப் போவதுபோல வெளிநோயாளர் பிரிவில் துண்டு எழுதி, அங்கிருந்து அனுப்பப்பட்டு வரவேண்டும் என்ற நியதி இங்கு கிடையாது. நேரடியாகவே போகலாம். முதல் நாளில் உங்கள் விபரங்களைப் பதிந்து ஓர் இலக்கம் தருவார்கள். அதன் பிறகு உங்கள் இரத்த மாதிரி, கோப்பு, அட்டை யாவும் அந்த இலக்கத்திலேயே நகரும். அடுத்த முறை போகும்போது அட்டையைக் கொண்டுபோனால் போதும்.

வீட்டுக்கு அறிவிப்பது பற்றிய பயம் நியாயமானது. உங்கள் அனுமதியின்றி உங்கள் நோயை மனைவியிடமோ தகப்பனிடமோ பள்ளிவாசல் நிர்வாகத்திடமோ அவர்கள் சொல்வதில்லை. இரகசியம் பேணுதல் இந்தச் சேவையின் அத்திவாரம். அது உடைந்தால் ஒருவரும் வரமாட்டார்கள் என்பது அங்கு பணிபுரிபவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஒன்றை அவர்கள் கட்டாயம் கேட்பார்கள். உங்களோடு தாம்பத்திய உறவில் இருப்பவரும் வந்து பரிசோதிக்க வேண்டும் என்பார்கள். இதை விட்டுவிட்டால் கணவன் குணமாகி வீட்டுக்குப் போய், மனைவியிடமிருந்து அதே நோயை மறுபடி வாங்கிவருவார். சிகிச்சை வீணாகும்.

உள்ளே நடப்பது இவ்வளவுதான். தனியறையில் ஒருவர் உட்கார்ந்து பேசுவார். எப்போது தொடங்கியது, என்ன மருந்து எடுத்தீர்கள், யாரோடு தொடர்பு என்று கேட்பார். கேள்விகள் வெளிப்படையாகவே இருக்கும். எந்த இடத்திலிருந்து மாதிரி எடுப்பது, எந்தப் பரிசோதனை செய்வது என்பதெல்லாம் அந்தப் பதில்களை வைத்துத்தான் தீர்மானிக்கப்படும் என்பதால் மறைப்பதில் பிரயோசனமில்லை. பெண்களோடு பேசுவதற்குப் பொதுச் சுகாதாரத் தாதிச் சகோதரிகள் இந்தச் சேவையில் இருக்கிறார்கள். பெண் வைத்தியர் பார்க்கவேண்டும் என்று கேட்பதிலும் தவறில்லை. பிறகு வைத்தியர் பரிசோதிப்பார், இரத்தம் எடுப்பார்கள், தேவையானால் சலம் அல்லது கசிவின் மாதிரி எடுப்பார்கள். சில முடிவுகள் அன்றே தெரியும், சிலவற்றுக்கு மறுபடி வரவேண்டும்.

இனி நோய்களுக்கு வருவோம். சலம் போகும்போது எரிந்தால் "உடம்புச் சூடு" என்று சொல்லி இளநீரும் வெந்தயமும் குடிப்பது எங்கள் ஊர் வழமை. எரிவு சில நாட்களில் குறைந்துவிட்டால் சூடு தணிந்ததாக நம்புகிறோம். அது சாதாரண சலத்தொற்றாகவும் இருக்கலாம். வெட்டை என்று முன்னோர் அழைத்த கொனோரியாவாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. பாமசியில் யாரோ சொன்ன குளிசையை மூன்று நாள் விழுங்குவது இன்னும் மோசம். கொனோரியாக் கிருமி ஒரு காலத்தில் சாதாரணமாகப் பாவித்த பல அன்டிபயோட்டிக்குகளுக்கு உலகெங்கும் பழகிவிட்டது. இன்று அதற்கு ஊசிதான் பிரதான மருந்து. பெண்களுக்கோ பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. ஆனால் கவனிக்காமல் விட்டால் கருக்குழாய் அடைபட்டு பிள்ளைப்பேறின்மைக்குக் காரணமாகலாம். குழந்தையில்லை என்று வருடக்கணக்கில் பெண்ணை மட்டும் குறைசொல்லும் குடும்பங்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

சிபிலிஸ் இன்னும் தந்திரமானது. தொற்றி மூன்று கிழமையளவில் ஒரு புண் வரும். வலிக்காது. சில கிழமைகளில் மருந்தில்லாமலே ஆறிவிடும். அதோடு முடிந்தது என்று மனிதர் நிம்மதியடைவார். கிருமி இரத்தத்தில் இருக்கும். பிறகு உள்ளங்கையிலும் பாதத்திலும் தடிப்புகள் வந்து அவையும் தானாகவே மறையும். அதன்பின் வருடக்கணக்கில் எதுவும் தெரியாது, பரிசோதித்தால் மட்டுமே பிடிபடும். கவனியாமல் விட்டால் கடைசியில் இதயத்தையும் மூளையையும் கூடத் தாக்கும். இத்தனைக்கும் ஆரம்ப நிலையில் ஒரேயொரு முறை பென்சிலின் ஊசி போட்டால் குணமாகிவிடும் நோய் இது. பல காலம் கழிந்த தொற்றென்றால் கிழமைக்கொன்றாக மூன்று முறை. 1940களிலிருந்து அதே பென்சிலின்தான், இன்றும் வேலை செய்கிறது.

இதற்குத் தமிழில் பறங்கிப்புண் என்றொரு பழைய பெயர் உண்டு. ஊர்காவற்றுறைத் துறைமுகத்தில் பறங்கியர் வந்திறங்கிய வரலாறு தெரிந்த எங்களுக்கு அந்தப் பெயரின் காரணத்தை விளக்கத் தேவையில்லை. மருந்துக் கடைகளில் இன்றும் கிடைக்கும் பறங்கிப்பட்டை இந்த நோய்க்கென்று கொடுக்கப்பட்டதுதான். சுவாரசியம் என்னவென்றால், ஐரோப்பாவில் இத்தாலியர் இதைப் பிரெஞ்சு நோய் என்றார்கள், பிரெஞ்சுக்காரர் இத்தாலிய நோய் என்றார்கள். எந்த ஜாதியும் இதைத் தன்னுடைய நோயென்று ஒப்புக்கொண்டதில்லை. நாங்களும் இப்போது "அது கொழும்பில், அது வெளிநாட்டில்" என்கிறோம்.

எச்.ஐ.வி. விடயத்தில் காலக்கணக்கு முக்கியம். நேற்று நடந்த ஒன்றுக்காக இன்று இரத்தம் கொடுத்து "இல்லை" என்று வந்தால் அந்த முடிவை நம்பமுடியாது. ஆறு கிழமை கழித்துச் செய்வதே ஓரளவு உறுதியானது. மூன்று மாதத்தில் மறுபடி வரச் சொல்வதும் உண்டு. ஆனால் பலாத்காரத்துக்கு உள்ளானவர், ஊசி குத்துப்பட்ட வைத்தியசாலை ஊழியர் போன்றவர்கள் காத்திருக்கக் கூடாது. 72 மணித்தியாலங்களுக்குள் மருந்தை ஆரம்பித்தால் தொற்றைத் தடுக்க வாய்ப்புண்டு. அந்த மூன்று நாட்களை மானம் பார்த்துக் கழிப்பது கொடுமை.

எச்.ஐ.வி. இருப்பதாக முடிவு வந்தவருக்கும் வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை. 2004 முதல் இலங்கையில் இதற்கான மருந்து அரசாங்கத்தால் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. தினமும் ஒழுங்காக மருந்தெடுத்து, பரிசோதனையில் கிருமியே தென்படாத அளவுக்குக் குறைந்துவிட்டவரிடமிருந்து துணைக்குத் தாம்பத்தியத்தின் மூலம் தொற்றுவதில்லை. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடாக உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் இலங்கையை அங்கீகரித்தது. எங்கள் குடும்பநல உத்தியோகத்தர்கள் ஒவ்வொரு கர்ப்பிணியையும் தேடிப்பிடித்து இரத்தம் கொடுக்க வைத்ததால் கிடைத்த பெயர் அது.

இந்த இடத்தில்தான் எமது சமூகத்தில் குடும்பங்கள் உடையும் ஆபத்தும் இருக்கிறது. கணவர் கட்டாரிலோ சவூதியிலோ இருக்கிறார். விடுமுறையில் வந்துபோன பின் மனைவி கர்ப்பமாகிறாள். கிளினிக்கில் எடுத்த இரத்தத்தில் வீ.டி.ஆர்.எல். பரிசோதனை "பொசிற்றிவ்" என்று வருகிறது. இனி என்ன நடக்கும் என்பதை வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கேள்வி முழுவதும் அந்தப் பெண்ணை நோக்கியே திரும்பும்.

தயவுசெய்து பொறுமையாக இருங்கள். வீ.டி.ஆர்.எல். என்பது முதல் சல்லடை மாத்திரமே. கர்ப்பம், வேறு தொற்றுகள், சில மூட்டு நோய்கள் காரணமாகவும் அது பொய்யாகப் பொசிற்றிவ் காட்டலாம். அதை உறுதிப்படுத்த வேறொரு பரிசோதனை இருக்கிறது. அதற்காகத்தான் பாலியல் நோய் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். உறுதியானாலும், நோய் எப்போது வந்தது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று அந்த இரத்தம் சொல்லாது. பல வருடங்களாக ஒருவரின் உடலில் ஒளிந்திருந்ததாக இருக்கலாம். ஒழுக்கமுள்ள மனைவிக்குக் கணவர் மூலமும், எதுவுமறியாத சிசுவுக்குத் தாய் மூலமும் வருகின்ற நோய் இது. நான்கு சாட்சிகள் இல்லாமல் ஒரு பெண்ணின் கற்பில் பழிசுமத்துவதை மார்க்கம் எத்தனை பெரிய குற்றமாக வைத்திருக்கிறது என்பது எமக்குத் தெரியும். ஓர் ஆய்வுகூடத் துண்டு அந்த நான்கு சாட்சிகளாகிவிடாது. தலாக் பற்றிப் பேசுமுன் கணவனும் மனைவியும் ஒன்றாகப் போய் ஊசியைப் போட்டுக்கொள்ளட்டும். உரிய காலத்தில் போட்டால் பிள்ளையும் தப்பும்.

இதைப் பகிரங்கமாக எழுதுவது வெட்கமற்ற செயலென்று சிலர் சொல்லக்கூடும். உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் பெண்ணின் ஸ்கலிதம் பற்றி நபி (ஸல்) அவர்களிடமே நேரில் வந்து கேட்டார்கள். வெட்கம் மார்க்கத்தை அறிவதற்குத் தடையாக இருக்கவில்லை என்பதற்காக அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். மருத்துவம் செய்துகொள்ளும்படி நபியவர்கள் சொன்னபோது சில நோய்களை விலக்கி வைக்கவுமில்லை. முதுமையை மட்டும்தான் விலக்கினார்கள். ஹராமான தொடர்பை இங்கு யாரும் நியாயப்படுத்தவில்லை. அதற்குத் தௌபா இருக்கிறது, அது அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலானது. கிருமிக்குப் பென்சிலின் வேண்டும். ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பது எங்கள்மீது கடமையென்றால், அந்த வரிசையில் ஊர்க்காரர் ஒருவரைக் கண்டவர் வீட்டுக்கு வந்து வாய்திறக்காமல் இருப்பதும் அதில் அடங்கும்.

அத்தோடு, அங்கே நிற்பவரைப் பார்த்து எதையும் முடிவுசெய்யவும் முடியாது. வளைகுடா விசாவுக்கான மருத்துவத்தில் "அன்பிட்" ஆகி உறுதிப்படுத்த வந்தவராக இருக்கலாம். கர்ப்பிணியின் கணவராக இருக்கலாம். பாலியலோடு சம்பந்தமேயில்லாத பங்கசுத் தொற்றுக்காக வந்த பெண்ணாக இருக்கலாம். நிகாஹுக்கு முன் பரிசோதித்துக்கொள்ள வந்த மாப்பிள்ளையாகக் கூட இருக்கலாம். சவூதி அரேபியாவில் திருமணத்துக்கு முந்திய மருத்துவப் பரிசோதனை கட்டாயம், 2008இல் எச்.ஐ.வி.யும் ஈரல் அழற்சிக் கிருமிகளும் அதில் சேர்க்கப்பட்டன. இங்கே சட்டத்தில் அப்படியில்லை. ஆனால் பெண் வீட்டார் மாப்பிள்ளையின் சம்பளத் துண்டைக் கேட்கும்போது இதையும் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

வதந்தி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம். 2016இல் குளியாப்பிட்டியில் தகப்பனை இழந்த ஒரு சிறுவனைப் பாடசாலையில் சேர்க்கப் பெற்றோர்கள் எதிர்த்தார்கள். அந்தக் குடும்பத்தில் எயிட்ஸ் இருக்கிறது என்று யாரோ கதை கட்டியிருந்தார்கள். பிள்ளைக்கு எச்.ஐ.வி. இல்லையென்ற பரிசோதனை முடிவு வந்தும் எதிர்ப்பு அடங்கவில்லை. கடைசியில் கண்டியிலுள்ள ஒரு பாடசாலைதான் அவனை ஏற்றது. இருந்திருந்தாலும் வகுப்பில் பக்கத்தில் உட்காருவதால் அது தொற்றாது என்பதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் ஆசிரியர்கள். எங்கள் ஓய்வறைகளில் இன்றும் அந்த அத்தியாயத்தை "வீட்டில் வாசித்துப் பாருங்கோ" என்று தாண்டிப்போவதே வழக்கம். 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவிகளுக்குப் போடப்படும் எச்.பி.வி. தடுப்பூசிக்கான சம்மதப் படிவத்தைச் சில பெற்றோர் கையொப்பமிடாமல் திருப்பியனுப்புவதற்கும் இந்தத் தாண்டல்தான் காரணம் என்பேன். அது கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி.

இனி, போக நினைப்பவருக்குச் சில குறிப்புகள். வேலை நாளில் காலையிலேயே போங்கள். ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் வைத்தியசாலைகள் இருந்தாலும் அங்கே பணிபுரிபவர்களில் பாதிப்பேர் எங்கள் அயலவர் என்று தயங்குபவர்களுக்கு, பண்ணைப் பாலத்துக்கு அப்பால் போவது உண்மையில் வசதியே. புத்தளம் பக்கம் இருக்கும் எமது மக்கள் சிலாபத்திலும், மற்றவர்கள் மன்னார், வவுனியா, கல்முனை, மட்டக்களப்பு போன்ற இடங்களிலும் இதே சேவையைப் பெறலாம். சொந்த மாவட்டத்தில்தான் போகவேண்டும் என்றில்லை. முன்பு எடுத்த குளிசைகளின் பெயர் அல்லது வெற்று மட்டையைக் கொண்டுபோங்கள். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ரமழான் வருகிறது, நோன்போடு எப்படி என்று தள்ளிப்போடவும் வேண்டாம். பரிசோதனைக்கு இரத்தம் கொடுப்பதாலும் சத்தூட்டாத மருந்து ஊசியாலும் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. குளிசைகளை ஸஹருக்கும் நோன்பு திறந்த பின்னும் எடுக்கும்படி ஒழுங்குசெய்ய முடியுமா என்று வைத்தியரிடமே கேட்டுக்கொள்ளலாம்.