தேடுவோர்க்குக் கிடைக்காத நூல்

பெரிய நூல்களின் இறுதியிற் சொல்லடைவு ஒன்று காணப்படும். வேண்டிய சொல் எந்தெந்தப் பக்கங்களில் வருகின்றது என்பதை அது கூறும். கணினியின் தேடலும் இவ்வாறானதே. டக் கட்டிங் என்பார் 1999 இல் ஆக்கிய லூசீன் என்னும் மென்பொருளும், அதனை அடிப்படையாகக் கொண்டு 2010 இல் வெளிவந்த எலாஸ்ரிக்சேர்ச்சும் இத்தகைய அடைவையே அமைக்கின்றன.

எங்கள் பாடசாலை நூலகப் பட்டியல் இன்று இணையச் செயலி ஒன்றில் உள்ளது. நூலகர் புதிய நூலைப் பதிந்ததும் அது தரவுத்தளத்திற் சேர்கின்றது. அடைவோ வேறோரிடத்தில் உள்ளது. அதுவும் திருத்தப்படல் வேண்டும். அதுவரை நூலகரைக் காக்கவைத்தல் முறையன்று. ஆகவே, செயலி ஒரு துண்டெழுதி வரிசையில் இட்டுவிட்டு, "பதிவு முடிந்தது" என விடை கூறுகின்றது. பின்னணியில் இயங்கும் வேறொரு நிரல் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடைவைத் திருத்தும். கந்தோரில் ஒருவர் மனுவைப் பெற்றுக்கொள்ள, எழுதுவினைஞர் பின்னர் அதனைக் கோவையிற் சேர்ப்பதை இது ஒக்கும்.

சென்ற ஆண்டில் மாணவி ஒருத்தி ஒரு நூலைத் தேடினாள். "இல்லை" என்றது திரை. அவளும் திரும்பிச் சென்றாள். நூலோ அலுமாரியில் இருந்தது; தரவுத்தளத்திலும் இருந்தது. மின்தடை ஒன்றின் பின் அப்பின்னணி நிரல் மீண்டும் இயங்கவில்லை; பன்னிரண்டு நாட்களாகத் துண்டுகள் குவிந்து கிடந்தன. எவரும் அறிந்திலர்.

இத்தகைய தவறு நேராதிருக்கச் சில விதிகள் உள. முதலாவது, தரவுத்தளத்திற் பதிவு உறுதியான பின்னரே துண்டினை இடல் வேண்டும். முந்தினால், நிரல் சென்று பார்க்கும்பொழுது அங்கே நூல் இராது. இரண்டாவது, துண்டில் நூலின் இலக்கம் மட்டுமே இருத்தல் நன்று. நிரல் தன் வேலைநேரத்திற் புதிய விபரத்தைத் தானே வாசித்துக்கொள்ளும். பழைய துண்டு பிந்தி வரினும் பழைய செய்தி அடைவிற் புகாது. நூல் நீக்கப்பட்டிருப்பின், அடைவிலிருந்தும் அதனை நீக்கிவிடலாம். மூன்றாவது, ஒரே துண்டு இருமுறை வந்தாலும் நூல் இரண்டாகத் தோன்றலாகாது. இலக்கத்தைக் கொண்டு பழையதன் மேலேயே எழுதுதல் வேண்டும். நான்காவது, வேலை முடிந்த பின்னரே துண்டினை அழித்தல் வேண்டும். தவறினால், இடைவெளியைச் சிறிது சிறிதாகக் கூட்டி மீண்டும் முயலலாம். பலமுறை தவறிய துண்டுகளைத் தனியே வைத்து, ஒரு மனிதர் பார்த்தல் வேண்டும். இவற்றோடு, இடையிடையே தரவுத்தளத்தையும் அடைவையும் ஒப்புநோக்குதலும் அவசியம்.

வேலையைப் பின்போடுதல் குற்றமன்று. பின்போட்டதை மறத்தலே குற்றம். தேடியும் கிடைக்காத நூல், தேடியவரளவில் இல்லாத நூலே. இப்பொழுது எங்கள் நூலகர் காலையில் முதலிற் பார்ப்பது, வரிசையில் எஞ்சியுள்ள துண்டுகள் எத்தனை என்பதையே. அம்மாணவியை அழைத்து அந்நூலையும் கொடுத்துவிட்டோம்.