'உங்க சைஸ் வராது': ஜீன்ஸ், உடல், சராசரி

துணிக்கடையில் ஒரு பெண்ணிடம் 'உங்க சைஸ் வராது மேடம்' என்று சொல்லப்படும்போது, அந்த வாக்கியத்தில் வராமல் போனது எது என்று யாரும் கேட்பதில்லை. தைக்காமல் விட்டது கம்பெனி. ஆனால் குறை அவள் உடம்பில் என்பதுபோலத்தான் அது காதில் விழுகிறது. ஒரு வணிகத் தீர்மானம் உடற்குறையாக உருமாறுவது எப்படி என்பதை இங்கே விளக்கப் பார்க்கிறேன். 'ஜீன்ஸெல்லாம் ஒரு பிரச்சினையா தோழர்?' என்று கேட்பவர்கள் உண்டு. உடலை அளப்பதும் வகைபிரிப்பதும் அதிகாரத்தின் வேலை என்று ஃபூக்கோவை முன்வைத்துப் பேசுகிற நாம், அந்த வேலை தினமும் நடக்கிற டிரயல் ரூமுக்குள் எட்டிப்பார்க்காமல் இருப்பது சரியல்ல.

ரெடிமேட் வருவதற்கு முன் அளவு உடம்பைத் தேடி வந்தது. தையல்காரர் டேப்பை எடுத்தார், ஆளுக்கேற்ப வெட்டினார். நம் ஜாக்கெட் இன்றும் பெரும்பாலும் அப்படித்தான். புடவைக்கும் நாடா கோத்த பாவாடைக்கும் உடம்பின் எடையைப் பற்றிய அபிப்பிராயம் கிடையாது. ரெடிமேட் இந்த உறவைத் தலைகீழாக்கியது. யாரென்றே தெரியாத ஆளுக்குத் தைக்க ஒரு கற்பனை உடம்பு தேவை. 1835இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த கெட்லே முன்வைத்த 'சராசரி மனிதன்' என்ற கருத்து அந்தக் கற்பனைக்கு ஒரு விஞ்ஞானத் தோற்றம் தந்தது. உயரத்தையும் எடையையும் வைத்து இன்று டாக்டர்கள் போடும் பிஎம்ஐ கணக்கும் இவர் வழி வந்ததுதான். சராசரி என்பது ஒரு கூட்டத்தைப் பற்றிய விவரம். அதுவே தனி ஆளுக்கான விதியாக மாறும் இடத்தில் அரசியல் தொடங்குகிறது.

இதற்கு ஒரு துல்லியமான உதாரணம் உண்டு. 1939-40இல் அமெரிக்க வேளாண் துறைக்காக ரூத் ஓ'பிரையன், வில்லியம் ஷெல்டன் ஆகியோர் 14,698 பெண்களை, ஆளுக்கு 59 அளவுகள் வீதம் அளக்கச் செய்தனர். வெள்ளையரல்லாத பெண்களும் அளக்கப்பட்டார்கள். ஆனால் அவர்களுடைய அளவுகள் கணக்கில் சேர்க்கப்படவில்லை. 1941இல் அறிக்கை வந்தது. அதன் அடிப்படையில் 1958இல் பெண்கள் உடைக்கான அளவுத் தரம் வெளியாகி, 1983இல் கைவிடப்பட்டது. 'ஸ்டாண்டர்டு' என்கிற பெருங்கதையாடலின் அடியில் விலக்கப்பட்டவர்களின் தாள்கட்டு ஒன்று கிடக்கிறது. தரம் போன பிறகு ஒவ்வொரு கம்பெனியும் தன் எண்ணைத் தானே வைத்துக்கொள்கிறது. வாங்குகிறவளைக் குஷிப்படுத்தப் பெரிய இடுப்புக்குச் சின்ன எண் ஒட்டுவதும் வழக்கமாயிற்று. எனவே மூன்று கம்பெனிகளின் 34 மூன்று வேறு அளவுகள்.

எதிர்த்திசையிலும் ஒரு கதை இருக்கிறது. லிதுவேனியாவிலிருந்து அமெரிக்கா வந்து, கணவனை இழந்து, தையலில் பிழைத்த லீனா பிரையன்ட் 1904இல் நியூயார்க்கில் கடை திறந்தார். வங்கித் தாளில் பெயரை மாற்றி எழுதியதில் கடை 'லேன் பிரையன்ட்' ஆகிவிட்டது. கர்ப்பிணிகளுக்கான உடைகளில் ஆரம்பித்தவர், பிறகு பெருத்த உடல் கொண்ட பெண்களுக்குத் தைக்க முனைந்தபோது, இரண்டாம் கணவரான எஞ்சினியர் ஆல்பர்ட் மால்சின் சுமார் 4,500 வாடிக்கையாளர்களின் அளவுகளைத் திரட்டினார். பருமன் என்பது ஒரே வடிவமல்ல, அதிலும் வகைகள் உண்டு என்று இருவரும் கண்டுகொண்டார்கள். அங்கீகாரமும் சந்தையும் கைகோத்து வந்த தருணம் அது. சந்தைதானே என்று தள்ளிவிட முடியாது. அதை விடுதலை என்றும் சொல்லிவிட முடியாது.

இனி உடுப்பின் உள்கட்டமைப்பு. கம்பெனி ஒரு நடுத்தர அளவுக்கு மாதிரி வெட்டுகிறது. அதிலிருந்து ஒவ்வொரு எண்ணுக்கும் குறிப்பிட்ட அளவு கூட்டிக்கொண்டே போகிறது. உடம்பு அப்படி வளர்வதில்லை. சதை போடும்போது கால் நீளமாவதில்லை. ஒருத்திக்கு வயிற்றில், இன்னொருத்திக்குத் தொடையில். ஒரு கட்டத்துக்கு மேல் கூட்டல் உதவாது, புதிய மாதிரியே வெட்ட வேண்டும். அது செலவு. 'உங்க சைஸ் வராது' என்பதன் முழு வாக்கியம் இதுதான்: 'உங்களுக்காகப் புது மாதிரி வெட்டும் செலவை நாங்கள் ஏற்கவில்லை.'

சென்ற வருஷம் நானும் என் கணவரும் கடைக்குப் போனோம். அவருக்கு இடுப்பு 32. பத்து நிமிஷத்தில் பையோடு நின்றார். எனக்கு ஒன்றில் தொடை ஏறவில்லை. தொடை ஏறியதில் இடுப்பில் கை நுழையும் இடைவெளி. கடைப்பையன் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டு அவரிடம், 'சார், மேடத்துக்கு ஜென்ட்ஸ் செக்‌ஷன்ல 40 பாருங்க சார்' என்றான். என் உடம்பு என் முன்னாலேயே படர்க்கையானது. ஆண்கள் மாதிரி இடுப்புக்கும் பின்பக்கத்துக்கும் அதிக வித்தியாசம் வைக்காதது, அதுவும் ஆகவில்லை. 'விடும்மா, சுடிதாரே எடுத்துக்கோயேன். உனக்கு எதுவும் நல்லாத்தான் இருக்கு' என்றார் இவர். அன்பான பேச்சுதான். ஆனால் அன்பும் சில சமயம் கேள்வியை மூடிவிடும். 'எனக்கு வண்டி ஓட்டணுங்க, பாக்கெட் வேணும்' என்றேன். அடுத்த கடையில் அவரே டேப் கேட்டு வாங்கினார்.

பெண்ணுக்குக் கிராப்பும் லுங்கியும் சட்டையும் ஆகட்டும் என்று பெரியார் பேசிய மண் இது. 2005இல் அண்ணா பல்கலைக்கழகம் மாணவிகளின் ஜீன்ஸைத் தடைசெய்ததும் இதே மண்ணில்தான். ஒழுக்கம் சொல்லும் 'கூடாது' நமக்குத் தெரியும், எதிர்க்கிறோம். எண் சொல்லும் 'வராது' தடை போலவே தெரியாததால் வீட்டுக்குத் திரும்பி, இரவுச் சாப்பாட்டைக் குறைக்கிறோம்.

நடைமுறையாகச் சில விஷயங்கள். எண்ணைப் பார்க்காமல் டேப்பை நம்புங்கள். உடம்பின் அகலமான இடத்துக்குப் பொருந்துவதை எடுத்து, இடுப்பை ஆல்டரேஷன் கடையில் பிடித்துக்கொள்ளலாம். தொடையில் இல்லாத துணியை யாரும் சேர்க்க முடியாது. முன்னிடுப்பிலிருந்து கவடு வழியாகப் பின்னிடுப்பு வரை உள்ள நீளம்தான் முக்கியம். அது குறைந்தால் உட்காரும்போது பின்னால் இறங்கும். எனவே டிரயல் ரூமில் உட்கார்ந்து, குனிந்து பார்க்க வேண்டும். இழுபடும் நூல் கலந்த துணி, மாதிரியின் குறையை மறைக்கும், தீர்க்காது. தொடைகள் உரசுமிடம் முதலில் நைந்துபோகும். அங்கே கனமான துணியே உழைக்கும்.

2018இல் நிஃப்ட் நிறுவனம் ஆறு நகரங்களில் 25,000 பேரை அளந்து இந்திய அளவு வகுக்கும் திட்டத்தை அறிவித்தது. நமக்கென்று ஓர் அளவு நல்லதுதான். ஆனால் 'இந்திய உடம்பு' என்பதும் ஒரு சராசரிதான். அதன் ஓரங்களில் நிற்கிறவர்கள் யார், அவர்களுக்கு மாதிரி வெட்டும் செலவு யாருடையது என்று கேட்காவிட்டால், ஒரு தாள்கட்டுக்குப் பதில் இன்னொரு தாள்கட்டு ஒதுக்கப்படும். அதுவரை கடையில் 'என் சைஸ் வராதா, நீங்க தைக்கலையா?' என்று திருப்பிக் கேட்கலாம்.