கரும்புச் சோகைக்குத் தீ வைக்கலாமா?

சென்னைக்கு மேற்கே பூந்தமல்லி, ஆவடிப் பக்கம் வயல்கள் பல வீட்டு மனைகளாகிவிட்டன. அதைத் தாண்டித் திருவள்ளூர், திருவாலங்காடு, திருத்தணி என்று போனால் கரும்பு இன்னும் நிற்கிறது. திருவாலங்காட்டில்தான் திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலையும் இருக்கிறது.

வெட்டு உத்தரவு வந்ததும் கரும்பு விவசாயிக்கு வரும் முதல் கவலை, ஆள் கிடைக்குமா என்பதே. சோகையைக் கொளுத்திவிட்டால் வெட்டுவது சுலபம். சுணையும் இல்லை, பாம்புப் பயமும் இல்லை. ஆகவே சிலர் வெட்டுமுன் தீ வைக்கிறார்கள். சிலர் வெட்டிய பின் வைக்கிறார்கள். எப்போது வைத்தாலும் நட்டம் நிலத்துக்குத்தான்.

ஒரு ஏக்கர் கரும்பில் சுமார் 3 முதல் 4 டன் சோகை கிடைக்கும். 100 கிலோ சோகையில் ஏறக்குறைய 400 கிராம் தழைச்சத்து உண்டு. 4 டன்னுக்கு 16 கிலோ ஆகிறது. இது சுமார் 35 கிலோ யூரியாவுக்குச் சமம். தீயில் இதன் பெரும்பகுதி புகையாகப் போய்விடும். சாம்பல் சத்து சாம்பலில் தங்கினாலும் காற்றும் மழையும் ஒரு பங்கைக் கொண்டு போகும்.

இதைவிடப் பெரிய இழப்பு மக்குப்பொருள். நிலத்துக்கு ஈரம் பிடிக்கும் சக்தியைத் தருவதும் மண்புழுவுக்கும் நுண்ணுயிர்களுக்கும் உணவாவதும் அதுவே. தென் ஆப்பிரிக்காவில் மவுண்ட் எட்ஜ்கோம்ப் என்ற இடத்தில் 1939-ல் தொடங்கிய சோதனையில், ஆண்டுதோறும் எரித்த நிலத்தைவிடச் சோகையை விட்டுவைத்த நிலத்தின் மேல்மண்ணில் மக்குப்பொருளும் நுண்ணுயிர்களும் கூடுதலாக இருந்தன.

கொளுத்திய கரும்பைக் காலதாமதமின்றி அரைத்தாக வேண்டும். ஆலை வாசலில் வண்டி காத்து நின்றால் எடையும் குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும்.

சரி, சோகையை என்ன செய்வது? 5-ம், 7-ம் மாதங்களில் சோகை உரித்துவிட்டால் வெட்டும்போது தொல்லை குறையும். உரித்ததைச் சால்களிலேயே பரப்பலாம். கரும்பு வெட்டியதும் கட்டைகளை மண்மட்டத்தில் சீவிவிட்டு, ஒரு சால் விட்டு ஒரு சாலில் சோகையைப் போர்த்துங்கள். ஈரம் காயாது, களை அடங்கும், இளங்குருத்துப் புழுவும் குறையும். போர்த்த முடியாதவர்கள் சாணக் கரைசல் தெளித்துக் குழியில் மக்க வைக்கலாம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோகை மக்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தற்காலிகமாக இழுத்துக்கொள்ளும். ஆகவே கட்டைப்பயிருக்குச் சிபாரிசு செய்யப்பட்டுள்ள 25 சதவீதக் கூடுதல் தழைச்சத்தை, கட்டை விட்ட ஒரு வாரத்துக்குள் தவறாமல் இடுங்கள்.

செவ்வழுகல் நோய் கண்ட வயலின் சோகை மட்டும் இதற்கு ஆகாது. நோயுற்ற தூர்களைத் தோண்டி அழித்துவிட வேண்டும். அங்கே கட்டைப்பயிரும் விடக்கூடாது.

முழு வயலிலும் செய்யத் தயங்குபவர்கள் இந்தப் பட்டத்தில் கால் ஏக்கரில் மட்டும் செய்து பாருங்கள். கோடையில் இரு பக்கத்து மண்ணையும் கையில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். சந்தேகம் இருந்தால் திரூரில் உள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.