மூச்சில் வரும் பகை

குழந்தை தும்மினால் "தீர்க்காயுசு" என்று வாழ்த்துவது நம் வீட்டுப் பெரியவர்களின் வழக்கம். 2020-ஆம் வருஷத்தில் அந்தத் தும்மலைக் கேட்டதுமே, வாழ்த்த வேண்டியவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனதையும் கண்டோம். அன்று இருந்த பீதி இன்று இல்லை, அது நல்லதே. ஆனால் பீதியோடு சேர்த்துப் பாடத்தையும் மறந்துவிட்டோமோ என்றுதான் சந்தேகமாயிருக்கிறது. 2023-ஆம் வருஷம் மே மாதம் 5-ந் தேதி உலக சுகாதார ஸ்தாபனம் கொரோனாவின் அவசர நிலை முடிந்தது என்று அறிவித்தது. வியாதி முடிந்தது என்று அது அறிவிக்கவில்லை.

கொரோனா என்பது லத்தீன் பாஷையில் கிரீடத்தைக் குறிக்கும் சொல். 1960-களில் ஜூன் அல்மெய்டா என்னும் ஸ்காட்லாந்து மாதரசி, எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பின் மூலம் இக்குலத்துக் கிருமி ஒன்றைப் படம் பிடித்தார். அதைச் சுற்றிலும் கிரீடம் போன்ற ஓர் அமைப்புத் தெரிந்தபடியால் 1968-ல் இந்தப் பெயர் நிலைத்தது. இக்குலத்தில் சில கிருமிகள் வெறும் ஜலதோஷத்தோடு நம்மை விட்டுவிடும். 2019-ஆம் வருஷக் கடைசியில் சீன தேசத்து ஊஹான் நகரில் தலைகாட்டியதோ அப்படி விடுவதல்ல. அங்கிருந்து திரும்பிய மாணவி ஒருவரிடம், 2020-ஆம் வருஷம் ஜனவரி 30-ந் தேதி கேரளத்தில் அது கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியாவில் அதுவே முதல்.

எப்படிப் பரவுகிறது?

தொடக்கத்தில் ஜனங்கள் காய்கறியையும் கதவுப் பிடியையும் கழுவிக் களைத்தார்கள். உண்மையில் இந்தப் பகைவன் பெரும்பாலும் காற்றில் வருகிறான். அமெரிக்காவில் வாஷிங்டன் ராஜ்யத்தில் 2020-ஆம் வருஷம் மார்ச்சு 10-ந் தேதி ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை நடத்தியது. வந்தவர்கள் 61 பேர். ஒருவருக்கு மட்டும் ஜலதோஷம் போல இருந்தது. முடிவில் நோய் கண்டவர்கள், அவரையும் சேர்த்து, 53 பேர், இருவர் இறந்தனர். பாடும்போதும் உரக்கப் பேசும்போதும் வெளிப்படும் நுண்ணிய திவலைகள், மூடிய அறையில் புகை போல நெடுநேரம் மிதந்துகொண்டிருக்கும்.

ஜலதோஷம் வந்தால் உடனே ஜன்னலைச் சாத்துவது நம் வீடுகளில் பரம்பரைப் பழக்கம். இக்கிருமிக்கு அதைவிடப் பெரிய உபகாரம் வேறில்லை. ஒரு காசும் செலவில்லாத மருந்து, ஜன்னலைத் திறந்து வைப்பதே.

எப்படி அறிவது?

கிருமி புகுந்த 2 முதல் 14 நாட்களுக்குள் குறிகள் தோன்றும். ஜுரம், இருமல், தொண்டை வலி, உடம்பு வலி, மூக்கில் நீர், மிகுந்த அசதி ஆகியவை சாதாரணமானவை. சிலருக்கு வாசனையும் ருசியும் தெரியாமற் போகும். சிலருக்கு ஒரு குறியும் இராது. குறிகளைக் கொண்டு மட்டும் இது கொரோனா, இது இன்புளூயன்ஸா என்று பிரித்துச் சொல்ல இயலாது, பரிசோதனைதான் சொல்லும். இதில் விசேஷ அபாயம், குறிகள் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்னரே நோய் பிறருக்குத் தொற்றக்கூடும் என்பதாகும். "எனக்கு ஒன்றுமில்லை" என்று நம்பும் வாலிபனே பாட்டியின் கட்டிலருகே நோயைக் கொண்டு சேர்த்துவிடுவான்.

வந்துவிட்டால்?

பெரும்பாலோருக்கு ஓய்வும், போதிய நீராகாரமும், ஜுரத்துக்குப் பாராசிடமாலும் போதும். சுக்குக் கஷாயம் தொண்டைக்கு இதமளிக்கும், கிருமியைக் கொல்லாது. ஆவி பிடிப்பதாலும் கிருமி சாகாது. வெந்நீர் கொட்டிக் குழந்தைகளுக்குப் புண்ணாவதுதான் மிச்சம். பாக்டீரியாக்களைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக் மருந்துகள் இந்த வைரஸை ஒன்றும் செய்யா.

டெக்ஸாமெதசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு மருந்து, செயற்கைச் சுவாசம் தேவைப்பட்ட நோயாளிகளிடையே மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்ததென்று 2020 ஜூன் மாதத்தில் ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். பிராணவாயு தேவைப்படாத லேசான நோயாளிக்கோ அதனால் நன்மையில்லை, தீமை உண்டாகலாம். 2021-ல் ஸ்டீராய்டு உட்கொண்ட நீரிழிவுக்காரர் பலரைக் கரும்பூஞ்சை நோய் வாட்டியதை நாம் மறக்கலாகாது. ஆகவே அண்டை வீட்டார் பெற்ற மருந்துச் சீட்டைக் கொண்டு நாம் வைத்தியம் செய்துகொள்வது விபரீதம். முதியோரும் நீண்ட நாள் நோயாளிகளும் முதல் நாட்களிலேயே டாக்டரைக் காண வேண்டும். அவர்களுக்கென உள்ள வைரஸ் எதிர்ப்பு மருந்துகள் துவக்கத்தில்தான் பயன்படும்.

சிலருக்கு மூச்சுத் திணறல் தோன்றுமுன்பே ரத்தத்தில் பிராணவாயு குறைந்துவிடும். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் அதைக் காட்டும். 94-க்குக் கீழே போனால் வைத்தியரைக் காண வேண்டும். 90-க்குக் கீழே போனால் தாமதமின்றி ஆஸ்பத்திரி. கருநிறத் தோலில் அக்கருவி உள்ளதைவிடச் சற்று அதிகமாகக் காட்டுவதுண்டு. எனவே எண்ணை மட்டும் நம்பாமல் ஆளையும் பாருங்கள். மூச்சு வாங்குதல், மார்பில் நீங்காத வலி, சித்தத் தடுமாற்றம், உதடு நீலம் பாய்தல் ஆகியவற்றுள் எது கண்டாலும் இரவென்றும் பகலென்றும் பார்க்கலாகாது.

வராமல் தடுக்க

நமது நாட்டில் 2021-ஆம் வருஷம் ஜனவரி 16-ந் தேதி தடுப்பூசி போடுதல் ஆரம்பமாயிற்று. அந்த மருந்துகள் புனாவிலும் ஹைதராபாத்திலும் தயாரானவை என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது. "ஊசி போட்டுக்கொண்டவருக்கும் வருகிறதே!" என்பார்கள். தாழிட்ட வீட்டிலும் திருடன் ஓடு பிரித்து இறங்கக்கூடும். ஆனால் இரும்புப் பெட்டியைத் தூக்கிச் செல்வது சுலபமல்ல. ஊசி காப்பது முக்கியமாக உயிரை.

சோப்பு, கிருமியின் கொழுப்பு உறையைக் கரைத்துவிடும். இருபது வினாடி தேய்த்துக் கழுவ வேண்டும். நோயாளி தனி அறையில் ஐந்து நாளேனும் இருப்பது நலம். மாத்திரையின்றி ஒரு நாள் முழுதும் ஜுரமில்லாதிருந்த பிறகே வெளிவரட்டும். பத்தாம் நாள் வரை முகமூடி அணியட்டும்.

நோயாளியை நேரில் போய் விசாரிப்பது நமது பண்பாடு. அந்தப் பண்பாட்டின் உயிர் அன்பு. நேரில் போவது அதன் உடல் மாத்திரமே. இருமல் உள்ளவன் தாத்தாவைக் காண ஒரு வாரம் போகாதிருப்பதும், போகவேண்டி வந்தால் முகமூடியோடு திறந்த திண்ணையில் உட்கார்ந்து பேசுவதும் மரியாதைக் குறைவல்ல. அவர் நூறாண்டு வாழவேண்டுமென்று மெய்யாக விரும்புகிறவன் செய்யும் காரியம் அது.