வெந்த பிறகும் ஏன் நாலு மணி நேரம்?

பன்றிக்கறியின் முழுத் துண்டு 63 டிகிரி செல்சியஸைத் தொட்டு, இறக்கியபின் மூன்று நிமிடம் ஆறினால் சாப்பிடலாம் என்பது அமெரிக்க வேளாண் துறை 2011-இல் தளர்த்திய விதி. அந்த விதிப்படி சமைத்த விலாவில் கிருமி செத்திருக்கும். கறியோ எலும்பைக் கவ்விக்கொண்டு வர மறுக்கும். மெம்பிஸ், கன்சாஸ் சிட்டி பார்பிக்யூக்காரர்கள் அதே விலாவை 110, 120 டிகிரிச் சூட்டில் ஐந்தாறு மணி நேரம் வைத்து, உள்ளே 90-ஐத் தாண்டிய பிறகே எடுக்கிறார்கள். இவ்வளவு நேரம் எதற்கு என்றால், புகை ஏறத்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். என் கட்சி வேறு. அந்த நேரத்தில் பெரும்பகுதி கொலாஜனைக் கரைக்கவே செலவாகிறது. புகை தருவது மணம் மட்டும். அதனால் புகையடுப்பு இல்லாத வீட்டிலும், சாதாரண ஓவனிலேயே, விலாவை அந்தப் பதத்துக்குக் கொண்டுவந்துவிடலாம்.

விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசை, பன்றி மூச்சு விட்ட ஒவ்வொரு முறையும் உழைத்த தசை. அதில் இழைகளைக் கட்டிவைக்கும் இணைப்புத்திசு அதிகம். அந்தத் திசுவின் நார்தான் கொலாஜன். சூடு ஏறும்போது 50 டிகிரியை ஒட்டி மயோசின் என்ற புரதம் இறுகத் தொடங்கும். 60-ஐத் தாண்டியதும் கொலாஜன் உறை சுருங்கிச் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளும். 66 முதல் 73-க்குள் ஆக்டினும் இறுகிவிடும். 'பாதுகாப்பாக வெந்த' கறி மிகக் கடினமாக இருப்பது இந்தக் கட்டத்தில்தான். 70-க்கு மேல் நிலைமை மாறுகிறது: மூன்று இழையாக முறுக்கிய கொலாஜன் பிரிந்து, கறியின் ஈரத்திலேயே ஜெலட்டினாகிறது. மெதுவாக நடக்கும் வேலை இது. சூடு கூடக்கூட வேகம் பிடிக்கும். அதற்குள் கறி உலர்ந்துவிடாதா? நீர் போகத்தான் செய்கிறது. ஆனால் ஜெலட்டினும் உருகிய கொழுப்பும் இழைகளின் மேல் படிந்துகொள்வதால் நாக்குக்கு அது தெரிவதில்லை. இன்னொரு சங்கடமும் உண்டு. பெரிய துண்டுகளில் 65, 70 டிகிரியை ஒட்டி வெப்பமானி மணிக்கணக்கில் நகராமல் நிற்கும், 'ஸ்டால்' என்பார்கள். கொலாஜன் சூட்டை விழுங்குகிறது என்றே வெகுகாலம் விளக்கம் சொல்லிவந்தார்கள். இயற்பியலாளர் கிரெக் பிளாண்டர், கொலாஜனே இல்லாத ஈரப் பஞ்சை அடுப்பில் வைத்து, அதன் சூடும் அப்படியே நிற்பதைக் காட்டினார். மண்பானைத் தண்ணீரைக் குளிர்விக்கும் அதே ஆவியாதல்தான் காரணம். அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றினால் ஆவி போக வழியில்லை, சூடு ஏறிவிடும்.

குக்கரில் வைத்தால் சீக்கிரம் முடியாதா என்று கேட்கலாம். முடியும். அந்த அழுத்தத்தில் உள்ளே ஏறத்தாழ 120 டிகிரி. கொலாஜனுக்கு வேண்டியது சூடும் நேரமும்தான், புகையல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் நீரில் முங்கிய விலாவின் சுவையில் ஒரு பங்கு அந்த நீருக்குப் போய்விடும். சற்றே கூடினாலும் கறி எலும்பை விட்டு உதிரும். கன்சாஸ் சிட்டி பார்பிக்யூ சங்கத்தின் போட்டிகளில் அப்படி உதிர்வது குறைதான். கடித்த இடம் மட்டும் சுத்தமாகப் பெயர்ந்து வர வேண்டும். ஆட்டுக்கறிக்கு அரைத்துப் பூசும் பப்பாளிக்காயும் இங்கே உதவாது. அதன் நொதி மேற்பரப்பைத் தாண்டி அதிகம் இறங்குவதில்லை. நெடுநேரம் ஊறவிட்டால் மேலே களி, உள்ளே பழைய நார். புகைப் பிரியர்கள் வெட்டுப்பரப்பின் ஓரத்தில் தெரியும் இளஞ்சிவப்பு வளையத்தைக் காட்டுவார்கள். புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் தசையின் மயோகுளோபினைப் பற்றிக்கொள்வதால் வரும் நிறம் அது. சுவைக்கும் மென்மைக்கும் அதனால் ஒன்றும் கூடுவதில்லை. மேற்சொன்ன சங்கமே அதற்கு மதிப்பெண் தருவதில்லை. மணம் வேறு விஷயம். மரத்தின் லிக்னின் எரிந்து பிறக்கும் குவாயகாலுக்கும் சிரிங்காலுக்கும் ஓவனில் ஈடு கிடையாது. புகையூட்டிய மிளகாய்த் தூள் ஓரளவுக்குத்தான்.

செய்முறையில் முதல் வேலை, எலும்புப் பக்கம் பளபளவென்று ஒட்டியிருக்கும் சவ்வை உரிப்பது. எவ்வளவு வெந்தாலும் அது மெல்ல வராது. ஸ்பூன் காம்பை அடியில் நுழைத்து நிமிண்டி, வழுக்காமலிருக்கக் காகிதத் துண்டால் பிடித்து இழுத்தால் நீளமாக வந்துவிடும். உப்பும் மிளகும் தடவி, தாளில் சுற்றி, 135 டிகிரியில் இரண்டரை மணி நேரம். பிறகு பிரித்து, சர்க்கரை கருகிவிடாதபடி கடைசி இருபது நிமிடத்துக்கு மட்டும் சாஸ். வெப்பமானியை மட்டும் நம்ப வேண்டாம்: 93-ஐ இப்போதுதான் தொட்ட கறியும் ஒரு மணி நேரம் 93-இல் இருந்த கறியும் ஒன்றல்ல. இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கும்போது விலா வரிசை வளைந்து, மேல்பக்கம் லேசாக வெடிக்க வேண்டும். விறைத்து நின்றால் மறுபடி ஓவனுக்குள், இன்னும் அரை மணி நேரம்.