நூற்றுக்கு 95 என்பதன் பொருள்

2020-ஆம் ஆண்டின் இறுதியில், ஃபைசர் நிறுவனத்தின் கோவிட் தடுப்பூசி நூற்றுக்கு 95 விகிதம் பலன் தருவதாகச் செய்தி வந்தபோது, படித்தவர்களிலும் பலர், ஊசி போட்டுக்கொள்ளும் நூறு பேரில் ஐவருக்கு எப்படியும் நோய் வந்தே தீரும் என்று பொருள்கொண்டார்கள். பரிசோதனையில் கண்டதோ வேறு: ஒவ்வொன்றிலும் 18,000 பேருக்குச் சற்று மேற்பட்டோர் இருந்த இரு பிரிவுகளில், வெறும் உப்புநீர் ஊசி பெற்ற பிரிவில் 162 பேருக்கும், தடுப்பூசி பெற்ற பிரிவில் 8 பேருக்கும் நோய் கண்டது, 162 என்பது 8 ஆகக் குறைந்த அந்த விகிதமே 95.

பட்டம் பெற்றவரும் தடுமாறும் இவ்விடத்தில்தான், எழுத்தறிவு வேறு, சுகாதார எழுத்தறிவு வேறு என்பது விளங்குகிறது. டான் நட்பீம் என்னும் அறிஞர் 2000-ஆம் ஆண்டில் இதனை மூன்று படிகளாக வகுத்தார்: சொன்னதைப் படித்து உணர்வது முதற்படி, வைத்தியரிடம் கேட்டுப் பேசித் தன் நிலைமைக்குப் பொருத்திக்கொள்வது இரண்டாவது, கேட்டவற்றை எடைபோட்டுத் தீர்மானிப்பது மூன்றாவது.

'ஊசி போட்டவர்களுக்கும்தானே நோய் வருகிறது?' என்னும் வாதம் அந்த மூன்றாம் படியில்தான் வழுக்குகிறது. ஆயிரம் பேர் வாழும் ஓர் ஊரில் 900 பேர் ஊசி போட்டுக்கொண்டு, 100 பேர் மறுத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். மறுத்தவர்களில் 10 பேருக்கும், போட்டவர்களில் 18 பேருக்கும் நோய் வந்தால், நோயாளிகளில் பெரும்பான்மையோர் ஊசி போட்டவர்கள் என்பது மெய்யே; ஆனால் நூற்றுக்கு 10 எங்கே, நூற்றுக்கு 2 எங்கே! அவ்வாறே, இன்ஃப்ளுயென்சா தடுப்பூசி உடலில் முழுப் பலன் தர ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும் என்பதை அறியாதவர், அதற்குள் வந்த சளிக்காய்ச்சலை ஊசியின் மேல் ஏற்றிவிட்டு, மறு ஆண்டு கையை நீட்ட மறுக்கிறார்.

ஆயினும் மறுப்பை அறியாமை என்ற ஒரே காரணத்தில் அடக்கிவிடுவது நியாயமாகாது. சுகாதார எழுத்தறிவுக்கும் தடுப்பூசி மறுப்புக்கும் உள்ள சம்பந்தத்தை ஆராய்ந்தவர்கள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வரவில்லை. ஏனெனில், கணக்கை அறிந்தவருக்கும் சொல்பவரிடத்தில் நம்பிக்கை இல்லாவிட்டால் மனம் இணங்குவதில்லை. அந்த நம்பிக்கை பிரசாரத்தால் விளைவதைவிடப் பொறுமையான பதிலாலேயே விளைகிறது.

"ஏம்மா, எனக்குச் சர்க்கரை இருக்கு, இந்தச் சளிக்காய்ச்சல் ஊசி போட்டுக்கலாமா?" என்று கேட்கும் முதியவர் மறுப்பவர் அல்லர், வாசற்படியில் நிற்பவர். "சர்க்கரை இருக்கிறவங்களுக்குத்தான் ஐயா இது அவசியம், ஓரிரு நாள் கை வலிக்கும், லேசாகக் காய்ச்சலும் வரலாம், நான் சொன்னதை நீங்க ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்க" என்று செவிலியர் கேட்டு, அவர் தம் வாயாலேயே சொல்லும்போது, அறிவு ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் சென்று சேர்ந்துவிட்டது என்று துணிந்து கூறலாம். அந்த இரண்டு நிமிஷங்களை மிச்சம் பிடிக்கும் எந்த மருத்துவமனையும், நோயாளியின் அறியாமையைக் குறைகூற உரிமையற்றது.