விழாத வண்டி கவிழ்வது எப்படி?

பிறவியிலேயே இரு கைகளும் இல்லாத கேரளப் பெண் ஜிலுமோள் மேரியட் தாமஸ், 2023 டிசம்பரில் கார் ஓட்டுநர் உரிமம் பெற்றார். ஸ்டியரிங்கைத் திருப்புவது கால். இண்டிகேட்டரும் வைப்பரும் அவர் குரலுக்குக் கட்டுப்படும்படி கொச்சி நிறுவனம் ஒன்று காரை மாற்றித் தந்திருந்தது. அடுத்த ஆண்டே, மின்விபத்தில் இரு கைகளையும் இழந்த சென்னை இளைஞர் ஒருவரும் உரிமம் வாங்கினார். இரண்டுமே உண்மையான சாதனைகள். ‘நாளை மூளை அலையாலேயே கார் ஓடும்’ என்பது போன்ற ஆரவாரத்தைத்தான் ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கிறது.

ஸ்ரீரங்கத்திலிருந்து மண்ணச்சநல்லூர் பக்கம் திருவெள்ளறைக்குப் போகிற மாற்றுத்திறனாளி ஒருவர் ஓட்டக்கூடியது பெரும்பாலும் கார் அல்ல. பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர். தமிழக அரசு இலவசமாகவும் தருகிறது.   ஆபத்து சாலைத் திருப்பத்தில்.

‘சைடு வீல் இருக்கே, எப்படிச் சாயும்?’ என்பார்கள். சாயாது என்பதுதான் சிக்கலே.

சாதாரண ஸ்கூட்டரில் வேகமாகப் போகும்போது வலப்பக்கம் திரும்ப, ஓட்டுபவர் வலக்கைப்பிடியை லேசாக முன்னுக்குத் தள்ளுகிறார். முன்சக்கரம் ஒரு நொடிக்கும் குறைவாக இடப்பக்கம் பார்க்கிறது. அதனால் வண்டி வலப்பக்கம் சாய்கிறது. சாய்ந்த பிறகே திரும்புகிறது. தினமும் செய்கிறவர்களிடம் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். விமானம் கண்ட வில்பர் ரைட், சைக்கிள் ஓட்டும் பலரிடம் இதைக் கேட்டுப் பார்த்து, தாங்கள் செய்வதையே அவர்கள் அறியவில்லை என்று வியந்திருக்கிறார். மூளைக்குத் தெரியாமல் கை கற்ற வித்தை இது.

விபத்தில் காலை இழந்து, சைடு வீல் வண்டிக்கு மாறுகிற பழைய பைக் ஓட்டுநரை நினைத்துப் பாருங்கள். திருப்பத்தில் அவர் கை பழக்கப்படி வலப்பிடியைத் தள்ளும். சாய முடியாத வண்டியோ நேராக இடப்பக்கம் போகும். போலியோவால் பாதிக்கப்பட்டு, முதன்முதலாக ஓட்டக் கற்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. அனுபவசாலிக்குத்தான் அதிகப் பயிற்சி தேவை.

அடுத்தது கவிழ்வது. மூன்று கல் அடுப்பில் பொங்கல் பானையைப் பாருங்கள். பின்னால் இரண்டு கல், முன்னால் ஒன்று. ஆடாது. ஆனால் பானை விழ நினைத்தால் கல் இருக்கும் திசையில் விழாது. முன்கல்லுக்கும் பின்கல்லுக்கும் நடுவிலுள்ள இடைவெளி வழியாகத்தான் உருளும். பானை உயரமென்றால் இன்னும் எளிது. முன்கல்லை நோக்கி நகர்த்தி வைத்திருந்தால் அதைவிட எளிது. இனி அந்த அடுப்பையே பானையோடு தூக்கிக்கொண்டு ஒருவர் தெருமுனையில் ஓடித் திரும்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். பொங்கல் எந்த வீட்டு வாசலில் என்பதை நிறைமையம் முடிவு செய்யும்.

சைடு வீல் வண்டிக்கும் இதே கதைதான். தோராயக் கணக்கு ஒன்று. பக்கச் சக்கரங்களுக்கு நடுவே 80 செ.மீ., ஆளோடு சேர்ந்த நிறைமையம் 60 செ.மீ. உயரத்தில், முன்சக்கரத்திலிருந்து பின்னோக்கி ஐந்தில் மூன்று பங்கு தொலைவில் என்று கொண்டால், 10 மீட்டர் ஆரமுள்ள திருப்பத்தில் மணிக்கு 22 கி.மீ. தாண்டினாலே உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும். முன்னாலும் இரட்டைச் சக்கரம் இருந்தால் 29 வரை தாங்கும். ஒற்றை முன்சக்கரத்தோடு 5 மீட்டர் ஆரத்தில் வெறும் 16. காய்ந்த தாரில் டயர் வழுக்குவதற்கு முன்பே இது நடந்துவிடும் என்பதால், சறுக்கல் என்கிற முன்னெச்சரிக்கைகூடக் கிடைக்காது.

தப்பிக்க ஒரு வழி, உடலை உள்பக்கம் சாய்ப்பது. மேலுடல் 15 செ.மீ. நகர்ந்தால் மொத்த நிறைமையம் சுமார் 3 செ.மீ. நகரும், சிறிதென்றாலும் உதவும். தண்டுவடம் மார்புப் பகுதியில் அடிபட்டவருக்கு இடுப்பும் முதுகும் ஒத்துழைக்காது. அவருக்கு முதுகுச் சாய்மானமும் பட்டையும், அதோடு இன்னும் குறைந்த வேகமும் வேண்டும். உடலைச் சாய்க்க முடிந்தவருக்கும் முடியாதவருக்கும் ஒரே வண்டி கொடுக்கலாம். ஒரே பாடம் கொடுக்க முடியாது.

வரலாற்றையும் சொல்லிவிடலாம். பிரிட்டனில் பெர்ட் கிரீவ்ஸ் மாற்றுத்திறனாளிகளுக்காக உருவாக்கிய இன்வாகார் முன்னால் ஒற்றைச் சக்கரம் கொண்டது. 2003 மார்ச் 31-இல் சாலையிலிருந்து விலக்கப்பட்டது. இந்தியாவில் 1988 மோட்டார் வாகனச் சட்டம் ‘இன்வேலிட் கேரியேஜ்’ (இயலாதவர் வண்டி) என்ற வகையை வைத்திருந்தது. 2019 திருத்தம் அதை நீக்கி ‘மாற்றியமைக்கப்பட்ட வாகனம்’ என்றது. பெயர் மரியாதையானது. பாடத்திட்டம்?

உரிமத் தேர்வில் ‘எட்டு’ போடச் சொல்வது இரண்டு சக்கரத்தில் சமநிலை பார்க்க. சைடு வீல் வண்டியில் மெதுவாக யார் வேண்டுமானாலும் எட்டு போடலாம். சமநிலையை இரும்புச் சட்டம் பார்த்துக்கொள்ளும். பார்க்க வேண்டியது வேறு: திருப்பத்துக்கு முன்பே பிரேக் பிடிக்கிறாரா? திருப்பத்தின் நடுவில் பிடித்தால் பாரம் முன்னோக்கிப் பாய்ந்து, சக்கரங்கள் அமைக்கும் முக்கோணத்தின் குறுகிய முனையில் ஏறிக்கொள்ளும். காலி மைதானத்தில், நடக்கும் வேகத்தில் தொடங்கி, உள்பக்கச் சக்கரத்தின் பாரம் குறைவதை இருக்கை வழியே உணரும்வரை வட்டமடிக்கப் பழக்கினால் இதைக் கற்றுத்தர முடியும். அதற்கு மூளை அலை வேண்டாம்; சுண்ணாம்பால் போட்ட 10 மீட்டர், 5 மீட்டர் ஆரமுள்ள வட்டங்களும் பக்கத்தில் நின்று வேகத்தைக் குறைக்கச் சொல்ல ஒருவரும் போதும்.